சாம்பல் கலந்த சிமெண்ட் கலப்படமா?

கேள்வி: வீடு கட்டிக்கொண்டிருக்கிறோம். அடுத்த மாதம் கூரைத் தளம் போட வேண்டும். சிமெண்ட் கடைக்காரர் பிபிசி போதும் என்கிறார். எங்கள் மேஸ்திரியோ, "அதுல பாதி சாம்பல் சார். பூச்சு வேலைக்கு வேணும்னா வெச்சுக்கலாம், தளத்துக்கு 53 கிரேடு ஓபிசிதான்" என்று பிடிவாதமாக நிற்கிறார். அனுபவசாலி என்பதால் அவர் பேச்சைத் தட்டவும் முடியவில்லை. சாம்பலைக் கலந்தால் சிமெண்டின் வலு குறையத்தானே செய்யும்? பிறகு ஏன் கலக்கிறார்கள்? அதை அரசு எப்படி அனுமதிக்கிறது?
– ஒரு வாசகர், மன்னார்குடி

பதில்: தளம் போட்டுவிட்டுக் கேட்பவர்கள்தான் அதிகம். நீங்கள் முன்கூட்டியே கேட்டிருக்கிறீர்கள். அதற்கே ஒரு நன்றி. உங்கள் மேஸ்திரியை நான் முழுதாக மறுக்கப் போவதில்லை. பிபிசி போட்ட தளம் முதல் சில நாட்களில் சற்று மந்தமாகத்தான் இறுகும். இதை அவர் கண்ணால் பார்த்திருக்கிறார். அதிலிருந்து அவர் எடுத்த முடிவில்தான் எனக்கு உடன்பாடில்லை.

முதலில் "பாதி சாம்பல்" என்ற கணக்கைச் சரிசெய்துவிடுவோம். பிபிசி என்பது போர்ட்லாண்ட் போஸோலானா சிமெண்ட். சாம்பல் சேர்ந்த வகைக்கு இந்தியத் தரம் ஐஎஸ் 1489. அதன்படி சாம்பலின் பங்கு 15 சதவீதத்துக்குக் குறையக் கூடாது, 35 சதவீதத்தைத் தாண்டக் கூடாது. ஃப்ளை ஆஷ் சேர்ந்தது என்பதை மூட்டையின் மேலேயே அச்சிட்டிருப்பார்கள். கலப்படம் செய்கிறவன் அதை மூட்டையில் அச்சடித்து விற்பதில்லை அல்லவா?

அப்படியானால் ஓபிசி, அதாவது சாதாரண போர்ட்லாண்ட் சிமெண்ட், "சுத்தமான" சிமெண்டா? அதுவும் கலவைதான். சூளையிலிருந்து கிளிங்கர் என்ற உருண்டைக் கட்டிகள் வெளியே வரும். சுண்ணாம்புக்கல்லையும் களிமண்ணையும் ஏறத்தாழ 1450 டிகிரி செல்சியஸில் சுட்டால் கிடைப்பது இது. இதை மட்டும் அரைத்துத் தண்ணீர் ஊற்றினால் சில நிமிடங்களிலேயே விறைத்துவிடும்; கொத்தனார் கரண்டியை எடுக்கக்கூட நேரம் இருக்காது. அந்த அவசரத்தை அடக்கத்தான் ஜிப்சம் சேர்த்து அரைக்கிறார்கள். போதாததற்கு, இப்போதைய ஓபிசி தரமான ஐஎஸ் 269, சாம்பல், கசடு போன்ற பொருட்களை 5 சதவீதம் வரை சேர்க்கவும் இடம் தருகிறது. ஆகவே மூட்டைக்குள் வேறு பொருள் இருக்கிறதா என்று பார்ப்பதில் பயனில்லை. இருக்கிற பொருள் அங்கே என்ன வேலை செய்கிறது என்று பார்க்க வேண்டும்.

அடுத்து, "சாம்பல்" என்ற சொல். இதைக் கேட்டதும் நமக்கு நினைவுக்கு வருவது பாத்திரம் துலக்கிய அடுப்புச் சாம்பல். குழப்பத்தின் வேர் இங்கேதான் இருக்கிறது. சிமெண்டில் சேர்வது ஃப்ளை ஆஷ், அதாவது அனல்மின் நிலையத்தின் கொதிகலனிலிருந்து புகையோடு பறந்து வரும் உலர் சாம்பல். மேட்டூர், தூத்துக்குடி, வடசென்னை போன்ற இடங்களில் நிலக்கரியை மாவாக அரைத்து உலைக்குள் ஊதி எரிக்கிறார்கள். நம் நாட்டு நிலக்கரியில் மண்சத்து அதிகம். கரி எரிந்து போக, அதிலிருந்த களிமண் கடும் வெப்பத்தில் உருகி நுண்ணிய துளிகளாகிறது. புகையோடு மேலே போகும்போது அந்தத் துளிகள் சட்டென்று குளிர்ந்து கண்ணாடி உருண்டைகளாகிவிடுகின்றன. புகைபோக்கிக்கு முன்னால், மின்னேற்றத்தால் தூசியை இழுத்துப் பிடிக்கும் கருவிகள் இவற்றைச் சேகரிக்கின்றன. நுண்ணோக்கியில் பார்த்தால் கோலிக்குண்டுகளைக் கொட்டி வைத்ததுபோல் இருக்கும்.

இந்தக் "கண்ணாடி" என்ற சொல்லை நினைவில் வையுங்கள். கண்ணாடித் தன்மை என்றால், அணுக்கள் ஒழுங்காக அடுக்கிக்கொள்ள நேரமில்லாமல் உறைந்துபோன நிலை. ஆற்று மணலும் சிலிக்காதான், இந்தச் சாம்பலிலும் பெரும்பங்கு சிலிக்காதான். ஆனால் மணலில் சிலிக்கா படிகமாக, கட்டுக்கோப்பாக அடுக்கப்பட்டிருக்கிறது. எதனோடும் எளிதில் சேராது. கண்ணாடியான சிலிக்கா அப்படியில்லை. தோதான துணை கிடைத்தால் வினைபுரியத் தயாராக இருக்கிறது.

அந்தத் துணை எங்கிருந்து வருகிறது? உங்கள் கேள்விக்கான உண்மையான பதில் இங்கே தொடங்குகிறது. சிமெண்ட் காய்வதால் இறுகுவதில்லை. தண்ணீரோடு வினைபுரிந்து இறுகுகிறது. அந்த வினையில் இரண்டு பொருட்கள் பிறக்கின்றன. ஒன்று, கால்சியம் சிலிக்கேட் ஹைட்ரேட். மணலையும் ஜல்லியையும் கம்பியையும் பிடித்து வைக்கிற பசை இதுதான். இன்னொன்று, கால்சியம் ஹைட்ராக்சைடு. வெற்றிலைக்குத் தடவுகிறோமே, அதே சுண்ணாம்பு. ஓபிசி மூட்டை ஒன்று, 50 கிலோ, முழுக்க வினைபுரிந்து முடித்தால் ஏறத்தாழ 10 கிலோ அளவுக்குச் சுண்ணாம்பு உண்டாகிவிடும்.

இந்தச் சுண்ணாம்பு தளத்தின் வலுவுக்குப் பெரிதாக உதவுவதில்லை. தண்ணீரில் கொஞ்சம் கொஞ்சமாகக் கரையும் குணமும் அதற்கு உண்டு. கசிகிற பழைய மொட்டை மாடியின் அடிப்பக்கத்தில் வெள்ளை வெள்ளையாகப் படிந்து, சில இடங்களில் சிறு விழுதுகளாகத் தொங்குவதைப் பார்த்திருப்பீர்கள். உப்பு பூத்துவிட்டது என்போம். பல வீடுகளில் அது கான்கிரீட்டிலிருந்து கரைந்து வந்து, காற்றிலுள்ள கரியமில வாயுவோடு சேர்ந்து படிந்த சுண்ணாம்புதான்.

கண்ணாடிச் சாம்பல் இந்த மிச்சச் சுண்ணாம்பைத்தான் பிடித்துக்கொள்கிறது. சாம்பலின் சிலிக்கா, சுண்ணாம்பு, தண்ணீர் மூன்றும் சேர்ந்தால் மறுபடியும் அதே வகைப் பசை உண்டாகிறது. தானாக இறுகாது, சுண்ணாம்போடு சேர்ந்தால் இறுகும் என்ற இந்தக் குணமுள்ள பொருளைத்தான் போஸோலானா என்கிறோம். புதிதாக உண்டாகும் பசை, முதலில் தண்ணீர் நின்ற நுண்துளைகளுக்குள் போய் நிரம்புகிறது. கான்கிரீட் நெருக்கமாகிறது, தண்ணீரும் உப்பும் உள்ளே புகும் வழி குறுகுகிறது. சாம்பல் வெறுமனே இடத்தை அடைத்துக்கொண்டு கிடக்கும் பொருள் என்ற எண்ணம் தவறு என்பது இப்போது விளங்கியிருக்கும்.

ஆனால் வரிசையைக் கவனியுங்கள். முதலில் சிமெண்ட் வினைபுரிந்து சுண்ணாம்பை விட வேண்டும். அதன் பிறகுதான் சாம்பலுக்கு வேலை. முதல் பந்தி முடிந்த பிறகுதானே இரண்டாம் பந்திக்கு இலை போடுகிறோம்? மேஸ்திரி பார்த்த மந்தத்துக்குக் காரணம் இதுதான். தரத்திலேயே இது தெரிகிறது. வலுவை மெகாபாஸ்கலில் சொல்வார்கள். ஒரு சதுர மில்லிமீட்டர் பரப்பு எத்தனை நியூட்டன் விசையைத் தாங்குகிறது என்பதே அது. 53 கிரேடு ஓபிசி 3 நாளில் குறைந்தது 27, 7 நாளில் 37, 28 நாளில் 53 எட்ட வேண்டும். பிபிசிக்கு அதே நாட்களில் குறைந்தது 16, 22, 33 போதும்.

"பார்த்தீர்களா, 53 எங்கே, 33 எங்கே!" என்று மேஸ்திரி உடனே சொல்வார். அவரிடம் இரண்டு விஷயங்களைச் சொல்லுங்கள். ஒன்று, 33 என்பது இதற்குக் கீழே போகக் கூடாது என்ற எல்லை. வினை 28-ஆம் நாளோடு நின்றுவிடுவதில்லை. ஈரம் இருக்கும்வரை சாம்பல் மாதக் கணக்கில் சுண்ணாம்பைத் தின்றுகொண்டிருக்கும், வலுவும் ஏறிக்கொண்டிருக்கும். இரண்டு, 53 என்பது குறிப்பிட்ட மணலோடு சோதனைச்சாலையில் செய்த சிமெண்ட் கட்டியின் வலு. உங்கள் தளத்தின் வலு அன்று. சாதாரண வீட்டுத் தளத்துக்குக் கேட்பது பெரும்பாலும் எம்20 கான்கிரீட், அதாவது 28 நாளில் 20 மெகாபாஸ்கல். அதை எட்டப் பிபிசி தாராளமாகப் போதும். எட்டாமல் போகிற இடங்களில் காரணத்தை மூட்டைக்குள் தேடாமல் தண்ணீர் வாளியில் தேட வேண்டும்.

சாம்பலைக் கலக்க ஏன் இவ்வளவு ஆர்வம் என்று கேட்டிருந்தீர்கள். கம்பெனிக்குச் செலவு மிச்சமாகிறது என்பதை மறைக்க வேண்டியதில்லை. ஆனால் மிச்சமாவது பணம் மட்டும் இல்லை. சுண்ணாம்புக்கல்லைச் சுடும்போது அதன் எடையில் 44 சதவீதம் கரியமில வாயுவாக வெளியேறுகிறது. எவ்வளவு நல்ல எரிபொருளைப் போட்டாலும் இதைத் தவிர்க்க முடியாது, ஏனென்றால் அந்த வாயு கல்லுக்குள்ளேயே இருக்கிறது. சூளைக்கு எரிக்கும் எரிபொருளின் புகை இதற்கு மேல். உலகம் வெளியிடும் கரியமில வாயுவில் ஏறத்தாழ 7, 8 சதவீதம் சிமெண்ட் தொழிலின் பங்கு. ஒவ்வொரு மூட்டையிலும் கிளிங்கரைக் குறைத்து, ஏற்கெனவே உருகிக் குளிர்ந்து மலைபோல் குவிந்து கிடக்கும் சாம்பலைச் சேர்த்தால் இரண்டு தொல்லையும் குறைகின்றன. அரசின் அனுமதிக்கு இதுவும் ஒரு காரணம்.

இது நேற்று முளைத்த தந்திரமும் இல்லை. இத்தாலியில் நேப்பிள்ஸ் அருகே போஸ்ஸுவோலி என்ற ஊரின் எரிமலைச் சாம்பலை ரோமானியர்கள் சுண்ணாம்போடு கலந்து கட்டினார்கள். போஸோலானா என்ற பெயரே அந்த ஊரிலிருந்து வந்ததுதான். ரோம் நகரின் பாந்தியன் கோயிலில் 43 மீட்டர் அகலக் குவிமாடம் இரண்டாம் நூற்றாண்டிலிருந்து நின்றுகொண்டிருக்கிறது. அவ்வளவு தூரம் போவானேன்? 1895-இல் கட்டி முடித்த முல்லைப் பெரியாறு அணை சுண்ணாம்பும் சுர்க்கியும் சேர்ந்த சாந்தில் எழுந்தது. சுர்க்கி என்பது சுட்ட களிமண்ணை இடித்த பொடி. அங்கே சுட்ட மண், இங்கே நிலக்கரிக்குள் இருந்து உருகிய மண். சுண்ணாம்போடு செய்யும் வேலை ஒன்றே. அமெரிக்காவில் மொன்டானா மாநிலத்தின் ஹங்க்ரி ஹார்ஸ் அணையில் ஃப்ளை ஆஷைப் பெரிய அளவில் பயன்படுத்தினார்கள். அந்த அணை 1953-இல் முடிந்தது. அணை கட்டுகிறவர்களுக்கு இதில் தனி ஆதாயம் உண்டு. சிமெண்ட் வினைபுரியும்போது சூடு கிளம்பும். பல மீட்டர் தடிமனுள்ள கான்கிரீட்டில் அந்தச் சூடு வெளியேற வழியின்றி விரிசல் விடும். சாம்பல் வினை மெதுவாக நடப்பதால் சூடும் மெதுவாகவே வருகிறது. நமக்குக் குறையாகத் தெரிகிற மந்தம் அங்கே வரமாகிறது.

சாம்பலுக்கு உறவுக்காரர்களும் உண்டு. இரும்பு உலையில் மேலே மிதக்கும் உருகிய கழிவைத் தண்ணீர் அடித்துச் சட்டென்று குளிர வைத்தால் மணல்போல் உதிரும் கசடு கிடைக்கும், ஸ்லாக் என்பார்கள். இது சேர்ந்த சிமெண்டுக்கு பிஎஸ்சி என்று பெயர். அதில் கசடு 70 சதவீதம் வரை போகலாம். உங்கள் டெல்டாப் பக்கத்து நெல் உமிச் சாம்பலும் இந்தக் குடும்பம்தான். உமியைக் கட்டுப்படுத்திய வெப்பத்தில் எரித்தால் கண்ணாடி சிலிக்கா நிறைந்த அருமையான போஸோலானா கிடைக்கும். அரிசி ஆலைக்குப் பின்னால் கண்டபடி எரிந்து குவிந்து கிடப்பது அப்படி இருக்கும் என்று நம்ப முடியாது. சூடு மிஞ்சினால் சிலிக்கா படிகமாகிவிடும். எனவே தயவுசெய்து அதை அள்ளிக் கலவையில் போட வேண்டாம். களிமண்ணைச் சுட்டுச் சுண்ணாம்புக்கல் தூளோடு சேர்க்கும் எல்சி3 என்ற சிமெண்டுக்கு 2023-இல் இந்தியத் தரம் வந்தது. அதன் ஆய்வில் சென்னை ஐஐடிக்கும் பங்குண்டு. சுர்க்கி சுற்றிக்கொண்டு திரும்பி வந்திருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள்.

நிறத்தைப் பற்றியும் ஒரு சொல். "கறுப்பாக இருக்கு, சாம்பல் ஜாஸ்தி" என்றோ "வெளுத்திருக்கு, சத்தில்லை" என்றோ மூட்டையைப் பிரித்ததும் தீர்ப்புச் சொல்வார்கள். சிமெண்டின் நிறம் அதிலுள்ள இரும்பையும், சாம்பலில் எரியாமல் தங்கிய கரியையும் பொறுத்தது. இரும்பை நீக்கிச் செய்த வெள்ளைச் சிமெண்டும் நன்றாகவே இறுகுகிறது. நிறத்தை விட்டுவிட்டு, மூட்டையில் ஐஎஸ்ஐ முத்திரையையும் தயாரித்த வாரத்தையும் பாருங்கள்.

பிபிசிக்குக் குறையே இல்லையா என்றால், உண்டு. கான்கிரீட்டுக்குள் இருக்கும் சுண்ணாம்புக்கு ஒரு நல்ல வேலையும் இருக்கிறது: அதன் காரத்தன்மை கம்பியைத் துருவிலிருந்து காக்கிறது. காற்றிலுள்ள கரியமில வாயு மெல்ல உள்ளே புகுந்து அந்தக் காரத்தைக் குறைக்கும். சாம்பல் சுண்ணாம்பில் ஒரு பங்கைத் தின்றுவிடுவதால் கையிருப்பு குறைவு. துளைகள் நெருக்கமாக அடைபட்டிருந்தால் வாயு உள்ளே நுழைவதே கடினம். கையிருப்பு குறைந்தாலும் பயமில்லை. துளைகள் அடைபடாவிட்டால் இரண்டு பக்கமும் நஷ்டம். துளைகள் அடைபடுவதோ ஈரத்தைப் பொறுத்தது. ஆக, கடலோர ஊர்களில் உப்பை எதிர்த்து நிற்பதில் நன்றாக நீராற்றிய பிபிசி ஓபிசியை மிஞ்சும். நான்கு நாள் தண்ணீர் தெளித்துவிட்டுக் கைவிட்ட பிபிசி ஓபிசியைவிட மோசமாகப் போகலாம். பிபிசி போட்டு ஏமாந்த கதைகள் பலவற்றில் நடந்தது இந்த இரண்டாவது வகைதான்.

இனி உங்கள் தளத்துக்கு வருவோம். நான்கு காரியம் செய்யுங்கள்.

முதலாவது, கலவைத் தண்ணீர். எம்20 கலவைக்கு ஒரு மூட்டைக்கு 30 லிட்டருக்கு மேல் போகக் கூடாது என்கிறது ஐஎஸ் 456. மணல் ஈரமாக இருந்தால் அதிலிருக்கும் தண்ணீரும் இந்தக் கணக்கில்தான் சேரும். "கலவை ஓடணும் சார்" என்று இன்னொரு வாளி ஊற்ற வருவார்கள், தடுத்துவிடுங்கள். வினைக்குப் போக எஞ்சிய தண்ணீர் வெளியேறும்போது துளையாகிறது. சாம்பலின் உருண்டைகள் ஒன்றன்மேல் ஒன்று உருள்வதால் பிபிசி கலவை குறைந்த தண்ணீரிலேயே வழவழப்பாக வரும். அப்படியும் ஓடவில்லையென்றால் தண்ணீரைக் கூட்டாமலே கலவையை இளக்கும் பிளாஸ்டிசைசர் திரவத்தைப் பொறியாளர் சொல்லும் அளவில் சேருங்கள்.

இரண்டாவது, நீராற்றுதல், அதாவது க்யூரிங். ஓபிசிக்குக் குறைந்தது 7 நாள், சாம்பல் போன்றவை சேர்ந்த சிமெண்டுக்கு 10 நாள் என்கிறது அதே ஐஎஸ் 456. வெயிலும் வறட்சியும் உள்ள காலத்தில் இவை முறையே 10, 14 நாட்களாகின்றன. நீங்கள் 14 நாளே வைத்துக்கொள்ளுங்கள். தளத்தின் மேல் பாத்தி கட்டித் தண்ணீர் நிறுத்துங்கள். தூண்களுக்குச் சாக்கைச் சுற்றி ஈரம் காயாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

மூன்றாவது, சென்ட்ரிங் பிரிப்பது. ஓபிசி போட்ட தளத்தில் 4.5 மீட்டர் வரை அகலமுள்ள அறைக்கு முட்டுகளை 7 நாள், அதற்கு மேலென்றால் 14 நாள் வைத்திருக்கச் சொல்கிறது தரம். பிபிசிக்கு அதைவிடச் சில நாள் கூடுதல் தேவை. எத்தனை நாள் என்பதைப் பொறியாளர் சொல்லட்டும். சென்ட்ரிங் சாமான் வாடகை ஏறுகிறதே என்று அவசரப்பட வேண்டாம். ஓபிசியை மேஸ்திரி விரும்புவதற்கு இந்த வாடகையும் ஒரு காரணமாக இருக்கலாம். அதில் தப்பும் இல்லை. சீக்கிரம் அச்சைப் பிரிக்க வேண்டிய தொழிற்சாலை வேலைக்கும் அவசரப் பழுதுக்கும் ஓபிசியே பொருத்தம்.

நான்காவது, பிபிசியோடு கட்டுமான இடத்தில் வைத்து மேலும் சாம்பல் கலக்க யாரையும் விடாதீர்கள். ரெடிமிக்ஸ் ஆலைகளில் ஓபிசியோடு சாம்பலைச் சேர்ப்பது அளந்து, சோதித்து, கணக்கிட்டுச் செய்யும் வேலை. சட்டியால் அள்ளிப் போடுவது நீங்கள் பயந்த அதே கலப்படம்தான்.

இவ்வளவுக்குப் பிறகும் மேஸ்திரி தலையை ஆட்டவில்லையென்றால் வாதம் வேண்டாம். தளம் போடும் அன்று அதே கலவையில் ஆறு அங்குலக் கட்டிகள் ஒன்பது வார்த்து, தண்ணீரில் ஊறவையுங்கள். பக்கத்தில் உள்ள பொறியியல் கல்லூரி ஆய்வகத்தில் கேட்டுப் பார்த்து, 7, 28, 56-ஆம் நாட்களில் மூன்று மூன்றாக நசுக்கிச் சோதிக்கச் சொல்லுங்கள். எம்20 என்றால் 28-ஆம் நாள் ஒரு கட்டி ஏறத்தாழ 45 டன் எடை தாங்க வேண்டும். 7-ஆம் நாள் முடிவைப் பார்த்து மேஸ்திரி உங்களைப் பார்த்துச் சிரித்தாலும் சிரிப்பார். 56-ஆம் நாள் அவரைக் கையோடு கூட்டிக்கொண்டு போங்கள்.